மானுக்கு ஒரு விளைபுலம்

திண்டிவனம் என்னும் பெயரை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர் சிலரே. 'திந்திரிணி' என்பது வடமொழியில் புளியமரத்தின் பெயர். புளியமரங்கள் செறிந்த காடாக இருந்தமையின் திந்திரிவனம் எனப்பட்ட இடமே நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று என்பர். சங்ககாலத்தில் இந்நிலப்பகுதி ஓய்மானாடு என்னும் பெயரோடு விளங்கிற்று. அதனை ஆண்ட நல்லியக்கோடன் சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். அவனுடைய ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகக் கிடங்கல் என்னும் பெயரோடு நிலவுகிறது. காட்டின் பெயரைத் தாங்கிய ஊர் இன்று புகைவண்டி நிலையமும் நெடுஞ்சாலைகளும் கடைத்தெருக்களும் கொண்ட நகரம். காடு எங்கே சென்றது? காட்டில் வாழ்ந்த மான் எங்கே சென்றது? அது இன்று எதனை உண்டு வாழ்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோம்.

திண்டிவனத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால் செஞ்சியை அடையலாம். பெரும்பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற் போன்ற குன்றுகள் நம்மை எதிர்கொள்ளும். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக்கோட்டை. மராட்டியர் காலப் போர்க்காப்பு நிலப்பகுதிகளுள் ஒன்றாக இது 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கோட்டையின் உள்ளே இன்றும் நிற்கும் கட்டடங்களுள் நெற்களஞ்சியம் ஒன்று. முற்றுகைக் காலத்தில் மனிதர் பசியால் வாடாதிருக்கக் கட்டிய சேமிப்பிடம் அது. கோட்டை மதிலுக்கு வெளியே, குன்றுகளையும் அவற்றைச் சூழ்ந்த காப்புக்காடுகளையும் நம்பி வாழும் உயிர்களுக்கு அத்தகைய களஞ்சியம் இல்லை. மழை பெய்தால் புல் உண்டு. மழை பொய்த்தால் புல்லும் இல்லை. அவ்வுயிர்களுள் ஒன்று புள்ளிமான்.

புள்ளிமானைப் பாராதவர் இலர். செம்பழுப்பு நிற உடலில் வெண்புள்ளிகள் மலர் தூவினாற் போல் விளங்கும். ஆண்மானுக்குக் கிளைத்த கொம்புகள் உண்டு. அவை குறித்த காலத்தில் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். மான் அசைபோடும் விலங்கு. பசுவைப் போலவே அதன் இரைப்பையும் நான்கு அறைகளை உடையது. விரைந்து மேய்ந்த உணவை முதலறையில் நிரப்பிக்கொண்டு, பகைக்கு அஞ்சாத ஓரிடத்தில் அமர்ந்து, அதனை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து மெல்லும். முதலறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லின் நாரைச் செரிக்கும் ஆற்றல் மானுக்கு இல்லை. அதனைச் செய்து கொடுப்பவை அந்நுண்ணுயிர்களே. மழைக்காலத்தில் புள்ளிமான் பெரும்பாலும் இளம்புல்லை மேயும். கோடையில் புல் காய்ந்தபின் உதிர்ந்த இலை, பூ, கனி ஆகியவற்றால் உயிர் வாழும். மரத்தின்மேல் குரங்குகள் தின்று சிந்துகின்ற தழையையும் கீழே நின்று பொறுக்கித் தின்னும்.

இனி, மாசியும் பங்குனியும் கழிந்து சித்திரை பிறந்த ஓர் இரவைக் கற்பனையிற் காண்போம். குன்றின் சரிவில் புல் வைக்கோலாகிவிட்டது. சுனைகள் வறண்டுவிட்டன. காட்டின் எல்லையில் ஓர் ஏழை உழவரின் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. கிணற்றில் எஞ்சிய நீரைப் பம்புசெட்டால் இறைத்து அவர் கேழ்வரகு பயிரிட்டிருக்கிறார். அடுத்த பாத்தியில், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை தழைத்திருக்கிறது. கண்ணுக்கெட்டிய தொலைவில் பச்சை என்பது அவ்விரண்டு ஏக்கரே. காற்று ஈரத்தின் மணத்தைக் குன்றுக்குச் சுமந்து செல்கிறது. நள்ளிரவில் மான்கூட்டம் இறங்கி வருகிறது. விடியற்காலையில் உழவர் வரப்பில் நின்று பார்க்கிறார். கதிர் பொதிந்திருந்த பயிர் ஒரு சாண் உயரத்திற்குக் கறிக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்திலிருந்து பிரிந்த குட்டி ஒன்று கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து கிடக்கிறது. உழவரும் இழந்தார், மானும் இழந்தது. இவ்விருவருள் எவர் பிழை செய்தவர்? உழவர் விதைத்தது தம் மக்கள் உண்பதற்கு. மான் வந்தது பசியால். பிழை இருவர்மீதும் இல்லை. ஆயினும் இழப்பு இருவர்க்கும் உண்டு.

இப்போராட்டம் புதியதன்று. பயிரிடும் தொழில் தோன்றிய நாள்தொட்டு அது நிகழ்ந்து வருகிறது. குறிஞ்சி நிலத்தாரின் தொழில்களுள் தினைப்புனம் காத்தலும் ஒன்று. புனத்தின் நடுவே பரண் அமைத்து, தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டினர் குறமகளிர். இரவில் விலங்குகள் அணுகாவண்ணம் ஆடவர் காவல் நின்றனர். செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையைக் கடந்து சென்றால் செங்கம் என்னும் ஊர் உள்ளது. அது பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா. அந்நூல், தினையைத் தின்ன வரும் பன்றிகளுக்கு அஞ்சிப் புனத்தின் வழியில் கற்பொறி வைத்திருப்பதைச் சொல்லி, அவ்வழிச் செல்லும் கூத்தரை எச்சரிக்கிறது. விலங்குக்கு வைத்த பொறி மனிதனையும் கொல்லக்கூடும் என்பதை அக்காலத்தாரே உணர்ந்திருந்தனர்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மயிலத்தில் குன்றின்மேல் முருகன் திருக்கோயில் கொண்டுள்ளான். பங்குனி உத்திரத்தில் மக்கள் திரளாகக் கூடும் தலம் அது. அம்முருகனின் தேவியாகிய வள்ளியின் கதையை நாம் அறிவோம். மானின் வயிற்றிற் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கிடந்து, வேடர் தலைவன் இல்லத்தில் வளர்ந்தவள் வள்ளி. அவளுக்கு அளிக்கப்பட்ட பணி யாது? தினைப்புனம் காத்தல். மான் ஈன்ற மகளே தினைக்குக் காவலானாள்! உழவையும் கானுயிரையும் இருவேறு பகைப்புலங்களாக நம் முன்னோர் கருதவில்லை என்பதற்கு இக்கதையைக் காட்டிலும் அழகிய சான்று வேறு வேண்டுமோ?

நம் நாட்டு உழவர் மானை விலக்கக் காவல் நிற்க, வேற்று நாட்டில் சிலர் மானை அழைப்பதற்கென்றே தானியம் விதைக்கின்றனர் என்றால் வியப்பாக இருக்கும். வட அமெரிக்காவில் வெண்வால் மான் என்னும் ஒருவகை மான் மிகுதியாக உண்டு. அங்குள்ள நிலக்கிழார் பலர், காட்டின் இடையே சிறு சிறு நிலங்களைத் திருத்தி, மானுக்கு உணவாகப் பயிரிடுகின்றனர். அவற்றை மானின் விளைபுலம் எனலாம். அப்பணியில் அவர்கள் காட்டும் கவனம் நம் உழவரின் கவனத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று. முதலில் மண்ணை ஆராய்ந்து, புளிப்பு மிகுந்திருப்பின் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்கின்றனர். பின்னர்க் கூதிர்காலத் தொடக்கத்தில் கோதுமை, ஓட்ஸ், ரை ஆகிய தானியங்களை ஏறத்தாழ ஓர் அங்குல ஆழத்தில் விதைக்கின்றனர். இம்மூன்றனுள் ஓட்ஸ் பயிரின் இலையை மான் மிக விரும்பும். ஆனால் கடும் உறைபனியில் அது மடிந்துவிடும். கோதுமை அதனினும் குளிர் தாங்கும். ரை என்பது மூன்றனுள்ளும் வலிது. மணற்பாங்கான ஏழை நிலத்திலும் வளரும். ஆகவே ஒன்று மடியினும் மற்றொன்று நிற்குமாறு கலந்து விதைத்தல் உண்டு. மண்ணை வளப்படுத்தும் பயறினத் தீவனச் செடிகளையும் உடன் விதைப்பர். மான் எவ்வளவு மேய்ந்தது என்பதை அறிய, நிலத்தின் நடுவே ஒரு சிறு பகுதியைக் கம்பிக்கூண்டால் மூடி வைப்பர். கூண்டின் உள்ளே வளர்ந்த பயிரின் உயரத்தையும் வெளியே எஞ்சிய பயிரின் உயரத்தையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

மேய்ந்தபின்னும் அப்பயிர் எவ்வாறு பிழைக்கிறது? இதில் இயற்கையின் நுட்பம் ஒன்று அடங்கியுள்ளது. நெல், கேழ்வரகு, தினை, கம்பு, கோதுமை ஆகிய யாவும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இளம் பருவத்தில் இவற்றின் வளர்நுனி நிலத்தை ஒட்டித் தாழ்ந்திருக்கும். அப்போது இலையை மட்டும் விலங்கு கறித்தால் பயிர் சாகாது. வேரருகிலிருந்து புதிய தூர்கள் வெடித்துக் கிளம்பும். ஆனால் தண்டு நீண்டு, வளர்நுனி மேலே உயர்ந்து, அதனுள் கதிர் உருவானபின் கறித்தால் அக்கதிர் போயிற்று. மானுக்கென விதைப்பவன் வேண்டுவது இலை; உழவன் வேண்டுவதோ மணி. ஆதலின் இலைப் பருவத்தில் நேரும் மேய்ச்சல் அவனுக்கு விருந்தோம்பல். கதிர்ப் பருவத்தில் நேரும் மேய்ச்சல் இவனுக்கு வறுமை. ஒரே பயிர், ஒரே பல். காலம் ஒன்றே வேறு.

நம் நாட்டுத் தானியங்களுள் மேய்ச்சலுக்கு உதவாப் பருவம் உடையவையும் உண்டு. இளஞ்சோளப் பயிரை மாடு மேய விடலாகாது என்று நம் ஊர்ப் பெரியோர் கண்டிப்பர். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்தபின் துளிர்க்கும் சோளத்திலும் நஞ்சாக மாறும் பொருள் ஒன்று உண்டு. அசைபோடும் விலங்கின் வயிற்றில் அது கொடிய நஞ்சை வெளிப்படுத்தும். கம்பில் இத்தீமை இல்லை. விலங்குக்கு உணவிட நினைப்பவர்க்கு அன்பு மட்டும் போதாது, பயிரின் இயல்பையும் அறிதல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

வட அமெரிக்காவில் மானுக்காக விதைப்பவரின் உள்ளக்கருத்து யாது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். மான் நல்லுணவு பெற்று நலமாக வாழ வேண்டும் என்று விதைப்பவர் உளர். ஆயினும் பலர்க்கு நோக்கம் வேட்டை. குறித்த பருவத்தில் உரிமம் பெற்று மானை வேட்டையாடுதல் அந்நாட்டில் சட்டத்திற்கு உட்பட்டது. நம் நாட்டின் நிலை வேறு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் முதலியவற்றை வேட்டையாடுதலைத் தடை செய்கிறது. அச்சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கம் கருதத்தக்கது. கொல்லுதல் மட்டுமன்றி, கண்ணியில் அகப்படுத்தலும், விரட்டுதலும், இரை காட்டி இழுத்தலும் வேட்டையே என்று அது கூறுகிறது. அம்பும் துப்பாக்கியும் இன்றி, ஒரு பிடி தானியத்தாலும் ஒருவன் வேட்டைக்காரன் ஆகலாம்! கொடுக்கும் கையின் கருத்தைப் பொறுத்தே தானியம் உணவாவதும் பொறியாவதும் அமைகின்றன.

கருத்து நல்லதாயின் போதுமோ? போதாது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி மானுக்கு உணவெறிவோர் தீய எண்ணம் உடையவர் அல்லர். ஆனால் அவர்கள் செய்வது யாது? மனிதரைக் கண்டு விலகி ஓடுதலே மானின் காப்பு. கையுணவுக்குப் பழகிய மான் அக்காப்பை இழக்கிறது, சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது, ஊருக்குள் புகுந்து நாய்களிடம் சிக்குகிறது. உணவோடு எறியப்பட்ட நெகிழிப் பைகளையும் விழுங்குகிறது. மாநகரை ஒட்டி வாழ்ந்து மடிந்த மான்களின் வயிற்றில் நெகிழி உருண்டைகள் கண்டெடுக்கப்பட்டது உண்டு. தூய தானியமே ஆயினும் தீங்கு உண்டு. புல்லுக்குப் பழகிய வயிற்றில் திடீரெனத் தானியம் மிகுதியாகச் சேர்ந்தால், முதலறையில் அமிலம் பெருகும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். வயிறு நிறைந்திருக்கும்போதே மான் இறந்துபடும். மேலும், ஒரே குவியலில் பல மான்கள் வாய் வைப்பதால் நோய் எளிதிற் பரவும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1967-ஆம் ஆண்டில் மான்களை உருக்கும் கொடுநோய் ஒன்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது மானிலிருந்து மானுக்குத் தொற்றுவது. அந்நோயைக் கட்டுப்படுத்தவே, மான்களுக்குத் தானியம் கொட்டுதலை அந்நாட்டு மாநிலங்கள் பல தடுத்துள்ளன.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகப் போற்றுகிறோம். மயிலுக்குப் போர்வை பயன்படுமா என்று அவன் ஆராயவில்லை. அது நடுங்குமே என்று உள்ளம் நெகிழ்ந்தான். அந்நெகிழ்ச்சி நமக்கு வேண்டும். அதனைக் கொடைமடம் எனச் சான்றோர் பாராட்டினர். ஆனால் ஒரு போர்வையால் மயிலுக்குத் தீங்கு நேரவில்லை. நாம் எறியும் உணவால் மானுக்குத் தீங்கு நேர்கிறது. ஆகவே பேகனின் அருளோடு உழவனின் அறிவும் நம்மிடம் சேர வேண்டும்.

அருளும் அறிவும் சேர்ந்த மக்கள் நம் நாட்டிலேயே உளர். இராசத்தானத்தின் வறண்ட நிலங்களில் பிஷ்ணோய் என்னும் சமயத்தார் வாழ்கின்றனர். 1485-ஆம் ஆண்டில் சாம்போசி என்னும் பெரியார் அச்சமயத்தைத் தோற்றுவித்தார். அவர் வகுத்த நெறிகள் 29. உயிர்களிடத்து இரங்குதலும் பசுமரத்தை வெட்டாமையும் அவற்றுள் அடங்கும். 1730-ஆம் ஆண்டில் கேச்சடலி என்னும் ஊரில் மரங்களைக் காக்க அவற்றைத் தழுவி நின்று 363 பேர் உயிர் துறந்தனர் என்பது வரலாறு. அம்மக்கள் விதைக்கும் தானியங்களுள் முதன்மையானது நாம் அறிந்த கம்பே. அக்கம்பங்கொல்லையில் வெளிமான்கள் அஞ்சாமல் மேயும். அவற்றை அவர்கள் விரட்டுவதில்லை. விளைவில் ஒரு பங்கு மானுக்கு உரியது என்பது அவர்களின் கொள்கை. நம் உழவரும், நெற்கதிர்களைக் குஞ்சமாகக் கட்டிக் கோயிலிலும் வீட்டிலும் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிக்கு ஒரு பங்கு வைத்தவர்களே. பெரிய அளவில் அவர்களும் சிறிய அளவில் இவர்களும் செய்தது ஒன்றுதான்.

ஆயினும், அத்தியாகத்தைச் செஞ்சிக் குன்றின் அடியில் வாழும் ஏழை உழவரிடம் நகரத்திலிருந்து நாம் கேட்பது முறையாகுமா? மான் அழகியது என்று நாம் மகிழ்வோம். அதன் உணவுச் செலவை அவர் ஒருவரே ஏற்பாரா? மான் நாட்டின் பொதுச்செல்வம் எனில், அதனைப் பேணும் செலவும் பொதுவில் ஏற்கத் தக்கதே. வனவிலங்குகளால் பயிர் இழந்த உழவர்க்கு அரசு இழப்பீடு வழங்குவது இவ்வறத்தின்பாற் பட்டது. இழப்பீடு காலத்தே கிடைப்பின் உழவரின் சினம் தணியும். சினம் தணியாவிடின் வேலியில் மின்சாரம் பாயும். மின்கம்பியிலிருந்து நேரே வேலிக்கு மின்சாரம் செலுத்துதல் பெருங்குற்றம். அஃது இரவில் வரும் மானைக் கொல்லும். காலையில் வரப்பில் நடக்கும் மனிதரையும் கொல்லும். மலைபடுகடாம் எச்சரித்த கற்பொறியின் கொடிய வடிவம் இது. கதிரவன் ஒளியால் இயங்கி, நொடிப்பொழுது மட்டும் அதிர்ச்சி தந்து, உயிருக்கு ஊறு செய்யாமல் விலங்கைத் திருப்பி அனுப்பும் வேலி வேறு. இத்தகைய வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2023-ஆம் ஆண்டில் விதிகளை வகுத்துள்ளது.

உழவர் செய்யக்கூடியவை வேறு சிலவும் உண்டு. கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுதல் மானுக்கும் நன்று, குழந்தைகளுக்கும் நன்று. காட்டை ஒட்டிய வரப்போரத்தில் விலங்குகள் பெரிதும் விரும்பாத ஆமணக்கு போன்றவற்றை விதைத்து, அவை விரும்பும் தானியத்தை உட்புறத்தில் வைக்கலாம். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை, எள், ஆமணக்கு வகைகள் அவ்வூர்ப் பெயரைக் குறிக்கும் டி.எம்.வி. என்னும் எழுத்துகளோடு வழங்குகின்றன. மானை ஈர்க்கும் பயிரும் அதனை விலக்கத்தக்க பயிரும் ஓரூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. எதனை எங்கே விதைப்பது என்பதில்தான் அறிவு இருக்கிறது.

இனி, மானுக்குரிய விளைபுலம் எங்கே அமைதல் வேண்டும்? காட்டின் ஓரத்தில் அன்று, காட்டின் உள்ளே. அதில் கோதுமையும் ஓட்ஸும் வேண்டா. அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் போதும். புல் வளர இடம் வேண்டும். அவ்விடத்தை இன்று அயல்நாட்டுச் செடிகள் கவர்ந்துகொண்டன. சீமைக்கருவேல் நிழலில் புல் தழைப்பதில்லை. உண்ணிச்செடி புதராய் மண்டினால் மான் நுழைய வழியுமில்லை, மேய இரையுமில்லை. 1967-ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரையில் வெளிமான்கள் மேயும் புல்வெளியைச் சீமைக்கருவேல் சூழ்ந்தது நாம் கண்ட பாடம். அத்தகைய செடிகளை அகற்றி நாட்டுப் புல்லையும் மரங்களையும் மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டது. ஓர் ஏக்கர் சீமைக்கருவேலை அகற்றிப் புல்லை மீட்பது, மானுக்கு ஓர் ஏக்கர் தானியம் விதைப்பதனினும் சிறந்தது. தானியம் ஒரு பருவத்தோடு முடியும்; புல் மழைதோறும் தானே முளைக்கும். கோடையில் காட்டினுள்ளே தொட்டிகளில் நீர் நிரப்பினால் மான் கிணற்றைத் தேடி வாராது.

இவ்வுதவிக்கு மான் கைம்மாறு செய்யாது என்று எண்ண வேண்டா. நெல்லிமரத்தின் கீழ் உதிர்ந்த கனிகளைப் புள்ளிமான் விழுங்கும். பின்னர் வேறோர் இடத்தில் அமர்ந்து அசைபோடும்போது கொட்டையை உமிழும். அக்கொட்டை அங்கே முளைத்து மரமாகும். ஏர் பிடிக்காமல், நீர் இறைக்காமல், விதைத்த இடத்திற்கு உரிமை கொண்டாடாமல் காட்டை விதைக்கும் உழவன் மான். அதற்கு ஒரு பிடி புல் விளையும் இடத்தை விட்டுவைத்தால், அது நமக்கு ஒரு காட்டையே விளைவித்துத் தரும்.

நாம் தானியத்தை எங்கே விதைக்கிறோமோ அங்கே மான் வரும். அஃது அதன் இயல்பு. வரும் மானுக்கு அவ்விடத்தில் வாழ்வு காத்திருக்கிறதா, சாவு காத்திருக்கிறதா என்பதை முடிவு செய்வது நம் பொறுப்பு. புளியங்காடாக இருந்த ஊரில் இன்று நாம் வாழ்கிறோம். அக்காட்டை மீண்டும் கேட்க மான் வரவில்லை. செஞ்சிக் குன்றின் சரிவில் எஞ்சியிருக்கும் சிறு பங்கு அதற்குப் பச்சையாக இருக்குமாயின், சித்திரை இரவில் அது கீழே இறங்காது. அன்று உழவர் தம் பரணில் அச்சமின்றிக் கண்ணயர்வார். மானும் தன் குட்டியோடு குன்றின்மேல் அமைதியாக அசைபோடும்.